‘விசர் வேலை’ எண்டு ஆர் தீர்மானிக்கிறது?

யாழ்ப்பாணத்தில் இருபது வயதை எட்டின எவரையும் கேட்டுப் பாருங்கள். போன ஒரு மாதத்துக்குள் ஒருக்காவாவது இந்த வசனங்களில் ஒன்றைக் கேட்டிருப்பார்கள். “விசர் வேலை பாக்காதை.” “எடுத்தேன் கவிழ்த்தேன் எண்டு செய்யிற விசயமில்லை இது.” “ஆழம் தெரியாமல் காலை விடாதை பிள்ளை.” கொஞ்சம் அன்பாகச் சொல்ல வேணும் எண்டால், “இளங்கன்று பயமறியாது தானே” என்று ஒரு சிரிப்பு. குடும்பத்தில் இங்கிலீசு படிச்ச பெரியவர் ஒருவர் இருந்தால் மூடரையும் தேவதூதரையும் பற்றிய அந்த ஆங்கில வாசகமும் கட்டாயம் வரும். தேவதூதரே தயங்கி நிற்கிற வாசலுக்குள்ளை மூடர்தான் விழுந்தடிச்சு ஓடுவினம் என்பது அதன் கருத்து.

இதெல்லாம் ஒரே விசயத்தைச் சொல்லுகிற வசனங்கள் என்றுதான் நாங்கள் நினைக்கிறம். ‘அவசரப்படாதை, யோசி’ என்பதன் வேறு வேறு உடுப்புகள் மாதிரி. ஆனால் வடிவாகப் பார்த்தால் அவை ஒன்றில்லை. ஒவ்வொன்றும் பிழையை ஒவ்வொரு இடத்தில் வைக்கிறது. எந்த வசனத்தை ஆர், ஆருக்குச் சொல்லுகினம் என்பதில் கனக்க அரசியல் இருக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பொடியன் எழுதின வரி

முதலில் அந்த ஆங்கில வாசகம். அது ஊர் பேர் தெரியாத பழமொழி இல்லை. எழுதின ஆளும் ஆண்டும் தெரியும். அலெக்சாண்டர் போப் 1711 இல் வெளியிட்ட, விமர்சனக் கலை பற்றிய நீண்ட கவிதையில் வருகிற வரி அது. அரைகுறைப் படிப்பின் ஆபத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எல்லாரும் எடுத்துவிடுகிற வாசகமும், தவறையும் மன்னிப்பையும் பற்றிய வாசகமும் அதே கவிதையில்தான் இருக்கின்றன. போப் பிறந்தது 1688 மே மாதம். கவிதை வெளிவந்தது 1711 மே மாதம். 23 வயது அப்பதான் நிறையப்போகிறது. கத்தோலிக்கர் என்றபடியால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல்கலைக்கழகப் பக்கமே அவர் போக ஏலாது. பெரும்பாலும் தானாக வாசித்துப் படித்தவர். சின்ன வயதில் வந்த முள்ளந்தண்டு வருத்தத்தால் கூன் விழுந்து, உயரம் வளராமல் நின்றவர்.

சரி, அந்த வரியில் வருகிற ‘மூடர்’ ஆர்? இளைஞர்கள் இல்லை. புரட்சிக்காரர் இல்லை. கண்டபடி புத்தகம் வாசித்து, ஒன்றும் செமிக்காமல் தலைக்குள் அடைத்துக்கொண்டு, எந்த எழுத்தாளரைக் கண்டாலும் குறை சொல்லப் பாய்கிற விமர்சகர்கள். இவையிட்டைத் தப்பித் தேவாலயத்துக்குள் ஓடினாலும், பலிபீடத்தடிக்கே போனாலும், பின்னாலை வந்து கதைச்சே கொல்லுவினம் எண்டு போப் நக்கலடிக்கிறார். லண்டனில் புனித பவுல் தேவாலயத்தைச் சுற்றியுள்ள முற்றம் அப்போது புத்தகக் கடைக்காரர்களின் இடம். அந்த நக்கலின் பின்னணி அதுதான்.

அதே கவிதையில் சீண்டப்பட்ட ஒருவர் ஜோன் டெனிஸ். பெயர் பெற்ற விமர்சகர், வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதே 1711 இல் பதில் எழுதினார். கவிதையோடு நிற்காமல் போப்பின் கூன் முதுகையும் பழித்தார். மூடர் எங்கே நுழைவார்கள் என்று அந்தப் பொடியன் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு வேணுமே?

அதுக்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 1790 இல் எட்மண்ட் பேர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவருக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். பிரான்சின் தேசிய சபையில் வந்து குந்தியிருக்கிறவர்கள் ஆர், சின்னச் சின்ன ஊர்களின் அப்புக்காத்துமார், ஆட்சி அனுபவமே இல்லாத ஆக்கள் என்று விபரித்துப் போகிற இடத்தில், போப்பின் அந்த வரியை எடுத்துப் போடுகிறார். 80 ஆண்டுக்குள் வாசகம் கை மாறிவிட்டது. வாய்க்கு வந்தபடி விமர்சிக்கிற அறிவாளிகளைப் பார்த்து ஒரு பொடியன் சொன்னது, அதிகாரத்துக்குப் புதிதாக வந்தவர்களைப் பார்த்து ஒரு பெரியவர் சொல்வதாக மாறிப்போச்சு. இன்றைக்கு ஆங்கிலத்தில் அதைப் பாவிக்கிற பெரும்பாலான ஆக்கள் பேர்க்கின் பொருளில்தான் பாவிக்கிறார்கள். போப்பின் விமர்சகர்களை எல்லாரும் மறந்தாச்சு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுறன் எண்டால், எச்சரிக்கை வசனங்களுக்கும் சொந்தக்காரர் உண்டு. அவை கை மாறும். கை மாறுகிற பாதை அநேகமாகக் கீழிருந்து மேலேதான் போகும்.

கன்று, மூடர், ஆழம்

எங்கட பழமொழிகள் ஆங்கிலத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டது நேற்று முந்தநாள் இல்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தொகுத்து யாழ்ப்பாணத்தில் அச்சிட்டது 1843 இல். பின்னர் 1874 இல் சென்னையில் வந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேல் இருந்தன. அப்படியான தொகுப்புகளைப் புரட்டினால் ஒன்று விளங்கும். பழமொழிகளுக்கு ஒரு கட்சி கிடையாது. “பதறாத காரியம் சிதறாது” என்று ஒன்று இருந்தால், “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்று இன்னொன்று இருக்கும். “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்றால், “முன் வைத்த காலைப் பின் வைக்காதே” என்றும் இருக்கும். எது வேணுமோ அதைத் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆருடைய தேவைக்கு எண்டதுதான் கேள்வி.

மேலே சொன்ன மூன்றையும் எடுப்பம்.

ஆங்கில வாசகம் உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் மூடர், மற்றப் பக்கம் தேவதூதர். நடுவிலை மனுசருக்கு இடமில்லை. பிழை ஆளின் குணத்தில் இருக்கு. நீ மூடன் எண்டால் மூடன்தான், அதுக்கு மருந்தில்லை.

“இளங்கன்று பயமறியாது” பிழையை வயதில் வைக்கிறது. கேட்க அன்பாக இருக்கும். ஆனால் இந்த வசனத்துக்குப் பதில் சொல்ல ஏலாது. நீங்கள் என்ன நியாயம் சொன்னாலும், அது கன்றின் துள்ளல்தான். வயது போனால் எல்லாம் சரிவரும் எண்டு தலையைத் தடவிவிட்டுப் போகலாம்.

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” வித்தியாசமானது. இதில் பிழை ஆளிலும் இல்லை, வயதிலும் இல்லை. தெரியாமையில் இருக்கிறது. தெரியாததைத் தெரிந்துகொள்ளலாம். ஆழத்தை அளக்கலாம். புத்தூருக்குக் கிட்ட நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை எண்டு காலங்காலமாகச் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது அடி இருந்தது. மேலே நல்ல தண்ணி, கீழே போகப் போக உப்புத் தண்ணி எண்டதும் தெரியவந்தது. ‘அடியில்லாத கிணறு, கிட்டப் போகாதை’ என்பதைவிட ‘இவ்வளவு ஆழம், இந்த இடத்திலிருந்து உப்பு’ என்பது எவ்வளவு பயனான எச்சரிக்கை?

என்ரை கருத்து இதுதான்: ஒரு செயல் முட்டாள்தனமானதோ இல்லையோ எண்டு பார்க்க, முதல் இரண்டு வசனங்களும் உதவாது. மூன்றாவது ஒன்றுதான் உதவும். அதைச் சோதிக்க எங்கட வரலாற்றிலேயே நல்லதொரு உதாரணம் இருக்கிறது.

1931: நாலு வெறும் கதிரைகள்

1931 மே 4. புதிய அரசாங்க சபைக்கான வேட்புமனு நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய குடாநாட்டின் நாலு தொகுதிகளிலும் ஒருவர்கூட மனுத் தாக்கல் செய்யவில்லை. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை, ஆகவே தேர்தலைப் புறக்கணியுங்கள் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கேட்டது. குடாநாடு கேட்டது நடந்தது.

ஆர் இந்த வாலிபர்கள்? 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தொடங்கின அமைப்பு. முன்நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம், தொடங்கும்போது அவருக்கு 25 வயது. பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த அதே ஆள். 1927 இல் காந்தி இலங்கைக்கு வந்ததற்குப் பின்னால் இவர்களின் அழைப்பு இருந்தது. தாய்மொழிக் கல்வி, சுதேசி, தீண்டாமை ஒழிப்பு, இனவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டாம் என்பதெல்லாம் இவர்களின் கொள்கைகள். பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேணும் என்று நின்றவர்கள். 1931 மாநாட்டுக்குத் தலைமை தாங்க இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்தார், அவருக்கு 28 வயது. இந்தப் புறக்கணிப்பைத் தெற்கிலிருந்த இடதுசாரி இளைஞர்கள் வரவேற்றார்கள். அப்போது லண்டனில் இருந்த பிலிப் குணவர்த்தன அதைப் பாராட்டி எழுதினார்.

பிறகு என்ன நடந்தது? தெற்கு புறக்கணிக்கவில்லை. ஜூனில் தேர்தல் நடந்தது. முதல் அமைச்சர் சபையில் வடக்கு, கிழக்குத் தமிழர் ஒருவரும் இல்லை. இருந்த ஒரே தமிழர் மலையகத்தைச் சேர்ந்த பெரி சுந்தரம். குடாநாட்டின் நாலு கதிரைகளும் 1934 வரைக்கும் வெறுமனே கிடந்தன. இடைத்தேர்தல் வைத்தபோது பருத்தித்துறையில் வென்று வந்தவர் ஜி.ஜி. பொன்னம்பலம். வாலிபர் காங்கிரஸ் எதிர்த்த இனவாரி அரசியல்தான் அடுத்த பத்தாண்டுகளின் தலைப்பாகிப் போனது.

இதைச் சொல்லுகிற பலர் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள்: இளம் இரத்தம், இந்தியாவைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட அவசரம், தமிழருக்கு நட்டம். அதாவது, இளங்கன்று பயமறியாது.

நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, அந்த நாளில் ‘முட்டாள்தனமான அவசரம்’ என்று பெரியவர்கள் பலர் எதைச் சொன்னார்கள் என்று பார்க்க வேணும். அவர்களைப் பயமுறுத்தினது சர்வசன வாக்குரிமை. டொனமூர் ஆணைக்குழு 21 வயதான ஆண் பெண் எல்லாருக்கும் வாக்கு என்ற இடத்துக்கு நாட்டைக் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்கு வந்ததே 1928 இல்தான். அதற்கு முதல் இங்கே சொத்தும் வருமானமும் படிப்பும் உள்ள கொஞ்ச ஆண்களுக்குத்தான் வாக்கு. படிக்காத சனத்தின் கையில், பெண்களின் கையில், சாதியில் கீழே தள்ளி வைக்கப்பட்டவர்களின் கையில் வாக்கைக் கொடுப்பது ஆபத்து என்று எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனே முன்நின்றார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு அவரைவிடப் பெரிய பெரியவர் இல்லை. பெண்களுக்கும் ஆண்களுக்கும் கல்லூரி கட்டினவர். நான் படிக்கிற திருநெல்வேலி வளாகமே அவருடைய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடம். அப்படிப்பட்டவருக்கும் எல்லாருக்கும் வாக்கு என்பது ஆழம் தெரியாத தண்ணியாகத் தெரிந்தது. இன்றைக்கு அதை ஆரும் விசர் வேலை என்று சொல்லமாட்டார்கள். தயக்கம் எல்லா நேரமும் ஞானம் இல்லை. தேவதூதர் தயங்கினது தங்கட கதிரைக்காகவும் இருக்கலாம்.

இரண்டாவது காரணம் வாலிபர்களுக்குச் சாதகமானது இல்லை. அவர்கள் இளைஞர்கள் என்பதால் பிழைக்கவில்லை, மூடர்கள் என்பதாலும் இல்லை. மூன்று ஆழங்களை அவர்கள் அளக்கவில்லை. தெற்கு தங்களோடு வருமா என்பது ஒன்று. வராவிட்டால் எப்படித் திரும்பி வருவது என்பது இரண்டு. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: இதற்கு விலை குடுக்கப்போறது ஆர்? குடாநாட்டின் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கும் வாழ்க்கையில் முதல் தரம் வாக்கு வந்த தேர்தல் அது. அந்த முதல் வாக்கை அவர்கள் போட முடியாமல் போனது. மூன்று வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது. சம ஆசனத்துக்காக நின்ற அதே வாலிபர் காங்கிரஸ், அதே மக்களின் முதல் வாக்கை ஒரு தீர்மானத்தால் தள்ளிப்போட்டது. முழுச் சுயராச்சியம் என்ற கோரிக்கை பெரியது, நேர்மையானது. ஆனால் வாக்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி அது கேட்டது, நேற்று வரைக்கும் வாக்கே இல்லாதவர்களிடம்.

அப்ப அது விசர் வேலையா? நோக்கத்தில் இல்லை. அளக்காததில் உண்டு. இந்த வித்தியாசத்தை ‘இளங்கன்று’ என்ற ஒற்றைச் சொல் அழித்துவிடுகிறது. இளம் வயது என்று சொல்லி முடித்துவிட்டால் அவர்களிடமிருந்து கற்க ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்றும் மறைந்துபோகும். வேட்புமனு நாளில் மனுப் போடாமல் ஒதுங்கினவர்கள் வாலிபர்கள் மட்டும் இல்லை. அந்த நாலு தொகுதியிலும் போட்டியிடக்கூடிய வசதியும் செல்வாக்கும் உள்ள பெரியவர்களும்தான். முடிவு சரியாகப் போனால் எல்லாரும் எடுத்த முடிவு. பிழைச்சால் பொடியள் எடுத்த முடிவு.

பொடியள் பாத்துக்கொள்ளுவினம்

‘பொடியள்’ என்ற சொல்லுக்கு எங்கட ஊரில் வேறொரு பாரமும் இருக்கிறது. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கின பிறகு, எண்பதுகளில் எல்லாம் தலைகீழான பிறகு, அந்தச் சொல் வயதைக் குறிக்கிற சொல்லாக மட்டும் இருக்கவில்லை. “பொடியள் பாத்துக்கொள்ளுவினம்” என்று திண்ணையில் சொன்ன ஒரு காலம் இருந்ததாகப் பெரியவர்களே சொல்லுவார்கள். பிறகு அதே திண்ணையில் “பொடியள் அவசரப்பட்டிட்டாங்கள்” என்றும் சொன்னார்கள்.

அந்த முப்பது வருசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. 2009 இல் எங்கட வயதுக்காரர் பாலர் வகுப்பிலோ முதலாம் இரண்டாம் வகுப்பிலோ இருந்தவர்கள். ஆனால் அந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது. இளையவர்களை நிறுத்துகிறதும், இளையவர்களைத் தள்ளிவிடுகிறதும் ஒரே கரையில் நிண்டு செய்யக்கூடிய வேலைகள். இரண்டிலும் தண்ணிக்குள் இறங்குகிறவர் வேறு ஆள். “நீ சின்னப் பிள்ளை, உனக்கு விளங்காது” என்பதும் “நீங்கள்தான் இளைஞர்கள், நீங்கள்தான் மாற்ற வேணும்” என்பதும் கேட்க எதிர் எதிராக இருந்தாலும், இரண்டும் எங்களோடு இருந்து ஆழத்தை அளக்காத பேச்சுகள்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேணும். எங்கட அம்மாமார் அப்பாமாரின் “கவனம்” என்ற சொல் பேர்க்கின் புத்தகத்திலிருந்து வந்தது இல்லை. அது இழப்பிலிருந்து வந்தது. பதுங்குகுழியிலும் இடப்பெயர்விலும் ஆளைத் தேடின நாட்களிலும் இருந்து வந்தது. “சும்மா இரு பிள்ளை” என்று ஒரு தாய் சொல்லும்போது அது அதிகாரம் இல்லை, பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்கிற உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் இருக்கிற தகவல் எங்களுக்கு வேணும். என்ன நடந்தது, எந்த இடத்தில் பிழைச்சது, ஆர் முதலில் எச்சரித்தது, ஆர் கேட்கவில்லை? இதெல்லாம் சொல்லப்படாமல் ‘சும்மா இரு’ மட்டும் எங்களிடம் வந்து சேருகிறது. அளவு இல்லாமல், அடியில்லாத கிணறு என்ற கதை மட்டும்.

எது விசர் வேலை, எது இல்லை

இன்றைக்கு எங்கட வீடுகளில் எதற்கெல்லாம் அந்தப் பெயர் விழுகிறது என்று ஒரு கணக்கெடுங்கள். உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ எடுக்காமல் விரும்பிக் கலைப்பிரிவு எடுத்தால் விசர் வேலை. நாடகமும் அரங்கியலும் படிக்கப்போறன் எண்டால் முழு விசர். சொந்தப் பெயரில் சாதியைப் பற்றி ஒரு பதிவு எழுதினால் “உனக்கேன் தேவையில்லாத வேலை”. சாதி மாறிக் காதலிச்சால் பிறகு சொல்லத் தேவையில்லை.

ஆனால் காணியை வித்து, தாலிக்கொடியை அடைவு வைத்து, முகம் தெரியாத ஏஜென்சிக்காரனின் கையில் முழுக்காசையும் கொடுத்து, எந்த நாட்டில் எத்தனை மாதம் நிற்க வேணும் என்று தெரியாமல் ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதை ஆரும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்வதில்லை. அது ‘ஒரு வழி’. இதைவிட ஆழம் தெரியாத தண்ணி எது? அனுப்புகிற குடும்பத்தின் நெருக்கடி எனக்கு விளங்கும். நான் சொல்வது, எல்லாரும் செய்கிற அவசரத்துக்கு அவசரம் என்ற பெயர் விழாது. ஒருவர் மட்டும் செய்தால்தான் விழும். ‘விசர் வேலை’ என்ற சொல் கன நேரங்களில் ஆபத்தை அளக்கவில்லை, பழக்கத்தை அளக்கிறது.

எங்கட பக்கமும் சுத்தமில்லை. இரவில் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார்சைக்கிளை முறுக்கிக்கொண்டு போறதைத் துணிவு எண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. அதைவிட, போப் முதலில் எழுதின பொருளுக்கு நேரே போனால், அந்த வரி இன்றைக்கு எங்களைத்தான் நேராகக் குத்துகிறது. இடைவேளைக்கே படத்துக்கு விமர்சனம் போடுகிறம். முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டு நாவலைக் கிழிக்கிறம். ஒரு ஆளைப் பற்றி ஒரு பக்கக் கதை வந்த பத்து நிமிசத்துக்குள் பேஸ்புக்கில் தீர்ப்பு எழுதுகிறம், பிறகு மற்றப் பக்கக் கதை வந்தால் சத்தமில்லாமல் அழிக்கிறம். பெரியவர்கள் எங்களைத் தடுக்கிற இடங்களில் நாங்கள் போதியளவு துணியவில்லை. ஆரும் தடுக்காத இடங்களில் விழுந்தடிச்சு ஓடுகிறம். பழக்கத்தை எதிர்க்கிற ஒரு பதிவுக்கு நாலு நாள் யோசிக்கிற நாங்கள், இன்னொருவரின் பெயரைக் கெடுக்கிற பதிவுக்கு நாலு நிமிசம்கூட யோசிப்பதில்லை.

ஆகவே இளமையே துணிவு, முதுமையே தயக்கம் என்ற கணக்கும் சரிவராது. பழையதை எதிர்க்கிற எல்லாம் துணிவும் இல்லை. 1931 இலிருந்து நான் எடுத்துக்கொள்கிற கேள்விகள் மூன்று. இந்த முடிவுக்கு விலை கொடுக்கப்போவது நானா, வேறு ஆளா? வேறு ஆள் என்றால், அந்த ஆளிடம் கேட்டேனா? நான் நம்பியிருக்கிறவர்கள் வராவிட்டால் அடுத்த நாள் என்ன செய்வேன்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், ஊரே விசர் எண்டு சொன்னாலும் இறங்கலாம். பதில் இல்லாவிட்டால், ஊரே கைதட்டினாலும் பொறுக்க வேணும்.

இதே கேள்விகளைச் சும்மா இருக்கிறவர்களிடமும் கேட்க வேணும். சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஆரோ விலை கொடுக்கிறார்கள். சம ஆசனம் இப்ப வேண்டாம், சனம் பக்குவப்படட்டும் என்று சொன்ன ஒவ்வொரு வருசத்துக்கும் நிலத்தில் இருந்து படித்த பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். அந்தத் தாமதத்துக்கு எந்தப் பழமொழியும் ‘மூடத்தனம்’ என்று பெயர் வைக்கவில்லை.

பெரியவர்களிடம் நாங்கள் கேட்பது அனுமதி இல்லை, அளவு. அடுத்த தரம் “ஆழம் தெரியாமல் காலை விடாதை” எண்டு ஆரும் சொன்னால், முகத்தைச் சுளிக்காமல் பக்கத்தில் இருந்து கேளுங்கோ: “சரி அம்மம்மா, எவ்வளவு ஆழம்? உங்கட காலத்திலை ஆர் இறங்கினது? எங்கை சறுக்கினது?” சிலர் சொல்லமாட்டார்கள். சிலர் அழுவார்கள். ஆனால் சிலர் சொல்லுவார்கள், அதை எழுதி வையுங்கோ. எங்கட குழுவிலேயே அப்படி ஒரு தொகுப்பைத் தொடங்கலாம். எங்களுக்குப் பிறகு வருகிற பொடியளுக்கு நாங்கள் “இளங்கன்று” எண்டு சிரித்துவிட்டுப் போகாமல், கையில் குடுக்க ஏதாவது இருக்க வேணும் அல்லவா?